பன்னீர் திராட்சை ஒயின்: வைக்க வைக்க ருசியா?

வீட்டில் ஒயின் போடும் வடசென்னைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. ஒயினை வைக்க வைக்க ருசி கூடும் என்பதுதான் அது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, எஞ்சின் டிரைவர்களாகவும் கார்டுகளாகவும் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் வேர்விட்டன. கல்கல், பிளம் கேக் போலத் திராட்சை ஒயினும் அந்த வீடுகளின் டிசம்பரில் ஓர் அங்கம். பக்கத்து வீட்டுத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. ஜாடியிலிருந்து வடித்ததையெல்லாம் அந்த டிசம்பரிலேயே தீர்த்துவிட மாட்டார்கள். ஒன்றிரண்டு பாட்டில்களைத் துணி சுற்றிப் பரணில் போட்டு வைப்பார்கள். "இன்னும் ஒரு கிறிஸ்மஸ் போகட்டும்பா, அப்புறம் வாயில வச்சுப் பாரு" என்று ஆன்ட்டிகள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. உலகில் பல ஒயின்களுக்கு வயது நன்மை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. பிரான்ஸின் போர்தோ பகுதியில் விளையும் காபர்னே சாவிஞோன், இத்தாலியின் நெபியோலோ ஆகிய திராட்சைகளின் ஒயின் முதல் சில ஆண்டுகள் வாயை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்போடு இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தத் துவர்ப்பு அடங்கி, பழ வாசனைக்குப் பதில் வேறு ஆழமான வாசனைகள் எழும். ஆனால் நம் ஜாடியில் விழுவது அந்தத் திராட்சைகள் அல்ல. வைக்கும் இடமும் 12, 13 டிகிரியில் நிற்கும் நிலவறை அல்ல. தேனி மாவட்டத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சையையும் கடலோரச் சென்னையின் வெப்பத்தையும் சேர்த்து வைத்துத்தான் கேள்வியைக் கேட்க வேண்டும். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பன்னீர் திராட்சை ஒயினுக்கு உகந்த வயது மாதக் கணக்கில் இருக்கிறது, வருடக் கணக்கில் இல்லை. இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. அந்த விதிவிலக்கைப் புரிந்துகொள்ள மதராஸ் கடற்கரையின் பழைய சரக்குக் கப்பல்கள் வரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் பழத்தைப் பற்றி. கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி வட்டாரங்களில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் இது கொத்துக் கொத்தாகத் தொங்கும். இந்தியாவின் மற்றப் பகுதிகளில் திராட்சைக்குப் பருவம் உண்டு. நாசிக் பழம் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். கம்பத்தில் ஒரு தோட்டம் இல்லாவிட்டால் இன்னொரு தோட்டத்தில் ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கும். நவம்பர் மழையிலும் கோயம்பேட்டில் பன்னீர் திராட்சைப் பெட்டி இறங்குவது அதனால்தான். கிறிஸ்துமஸ் ஒயின் சென்னையில் நிலைத்ததற்கு இந்தப் பருவம் பாராத அறுவடைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது புவிசார் குறியீட்டோடு பரவலாகச் சொல்லப்பட்ட வரலாறு. பன்னீர் திராட்சைக்கு உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில் 1850 வாக்கில் உருவான ரகம் என்பது திராட்சை ஆய்வாளர்களின் கணக்கு. மரபணுச் சோதனைகளின்படி அதன் பெற்றோர் ஸ்கியாவா குரோஸா என்ற கறுப்புத் திராட்சையும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா என்ற மணமுள்ள வெள்ளைத் திராட்சையும். பிறக்காத ரகத்தை 1832-இல் யாரும் கப்பலேற்றியிருக்க முடியாது. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு மஸ்கட்டாக இருந்திருக்கலாம், பின்னால் வந்த ஹாம்பர்க் அதன் இடத்தைப் பிடித்திருக்கலாம். இதை யாராவது சபை ஆவணங்களில் உட்கார்ந்து தேடினால் நல்லது. நம் கேள்விக்கு வேண்டியது பெற்றோரின் குணம் மட்டும்தான். அதில் தெளிவு இருக்கிறது: மணம் பரம்பரை வழியில் வந்த செல்வம், நிறமும் துவர்ப்பும் சுமார்.

மற்ற நாடுகள் இந்தப் பழத்தை என்ன செய்கின்றன என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பிரான்ஸில் வான்டூ மலையடிவாரத்தில் விளையும் இதற்கு 1997-இல் மூலப்பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தார்கள், ஆனால் சாப்பிடும் பழமாக. கிரேக்கத்தின் டிர்னாவோஸ் ஊரில் இதன் மணத்தை வடித்தெடுத்துச் சாராயம் காய்ச்சுகிறார்கள். சீனாவின் தியான்ஜினில் 1980-இல் பிரெஞ்சுக் கூட்டோடு தொடங்கிய டைனஸ்டி ஆலை, இந்தக் கறுப்புப் பழத்தின் தோலை நீக்கிவிட்டுச் சாற்றிலிருந்து லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின் செய்து பெயர் வாங்கியது. கலிஃபோர்னியாவில் குவாடி என்ற ஆலை இதில் சாராயம் சேர்த்து இனிப்புச் சிவப்பு ஒயின் செய்கிறது. இந்த நான்கு நாடுகளும் தேடிப் போவது ஒன்றைத்தான், ரோஜாவும் லிச்சியும் கலந்த அந்த மணத்தை. இனிப்பில்லாத சிவப்பு ஒயினாக்கிப் பத்தாண்டு பூட்டி வைப்பது இந்தப் பழத்துக்கு எங்கும் பெருவழக்கு ஆகவில்லை.

நம் வீட்டு முறை என்ன? பீங்கான் ஜாடி, காம்பு கிள்ளிக் கழுவித் துடைத்த பழம், ஏறக்குறைய அதே எடைக்குச் சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு பிடி கோதுமை, ஒரு கரண்டி ஈஸ்ட். சில வீடுகளில் பட்டை, கிராம்பு. வாயில் துணி கட்டி, தினமும் மரக் கரண்டியால் ஒரு கிண்டு கிண்டி, 21 நாளில் வடிகட்டுவார்கள். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. சந்தைக்கு அறுக்கும் பன்னீர் பழத்தின் சொந்தச் சர்க்கரை நல்ல ஒயினுக்குப் பெரும்பாலும் போதாது, ஆகவே சர்க்கரை சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கும் ஈஸ்ட் 13, 14 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை போட்டால் மீதி இனிப்பாகவே தங்கிவிடும். இந்த மீதிச் சர்க்கரைதான் பின்னால் வயதாகும்போது பெரிய வேலை செய்கிறது.

இன்னொரு வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். வடித்த ஒயினில் கருக்கிய சர்க்கரையைக் கரைத்து ஊற்றி நிறம் ஏற்றுவார்கள். இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, கைப்பக்குவம் என்பார்கள். அந்தக் கைப்பக்குவத்துக்குள் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. பழத்தின் நிறம் போதவில்லை. பன்னீர் திராட்சையின் தோலில் நிறமி குறைவு. புதிதாக வடித்த ஒயின் ரோஸ்மில்க்குக்கும் நன்னாரி சர்பத்துக்கும் நடுவில் ஒரு சிவப்பில் நிற்கும். ஒயினுக்கு வயதாகும் விதத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் குறைந்தது ஒரு பாட்டிலிலாவது கருக்கிய சர்க்கரையும் பட்டையும் சேர்க்காமல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கு பழத்தைப் பார்க்காது, பாகைத்தான் பார்க்கும்.

வயது என்ன செய்கிறது என்பதை மூன்றாகப் பிரிக்கலாம்: மணம், நிறம், துவர்ப்பு. இவற்றில் பன்னீருக்கு மணமே உயிர் என்பதால் அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ரோஜா மணத்தைத் தருபவை டெர்பீன் வகைச் சேர்மங்கள். லினலூல், ஜெரானியோல், நெரோல் என்று மூன்று பெயர்களை நினைவில் வைத்தால் போதும். ஜெரானியோல் ரோஜாவிலும் இருக்கிறது. லினலூல் கொத்தமல்லி விதையின் முக்கிய வாசனை. ஒயின் புளிப்பான திரவம். அந்தப் புளிப்பில் லினலூல் மெல்ல மெல்ல ஆல்ஃபா-டெர்பினியோல் என்ற வேறொரு சேர்மமாக மாறுகிறது. மாறியதை நம் மூக்கு உணர வேண்டுமானால் லினலூலைப்போலப் பல மடங்கு இருக்க வேண்டும். ஆக, சேர்மம் எங்கும் ஓடிப்போகாமலே மணம் மங்குகிறது. மிஞ்சுவதும் பூ வாசனையிலிருந்து பிசின் வாசனைக்கு நகர்கிறது.

ஆன்ட்டிகளின் பேச்சுக்கு இதிலேயே ஓர் ஆதாரமும் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மணப்பொருள்களில் ஒரு பகுதி பழத்தில் சர்க்கரையோடு பிணைந்து, வாசனையற்றுக் கிடக்கும். புளிப்பு அந்தப் பிணைப்பையும் நாளடைவில் அறுக்கும். வடித்த முதல் வாரங்களில் ஈஸ்ட் வாடையும் கலங்கலும் மூக்கை மறைக்கும். அவை படிந்து தெளிய, பிணைந்திருந்த மணம் சிறிது விடுபட, இரண்டு மூன்று மாதம் ஆன ஒயின் வடித்த அன்றைக்கு இருந்ததைவிட நிச்சயம் நன்றாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஊற்றியதைவிட ஈஸ்டருக்கு ஊற்றியது மேல் என்று சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். அந்த அனுபவத்தை நீட்டி, மூன்று மாதம் நல்லதென்றால் மூன்று வருடம் இன்னும் நல்லது என்று கணக்குப் போட்டதில்தான் பிசகு.

நிறத்தின் கதை எளிது. இளஞ்சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமிகள் தனியாக இருக்கும்போது நிலைக்காது. துவர்ப்புப் பொருளான டானினோடு கைகோத்தால்தான் நீண்ட நாள் தாங்கும். பன்னீரில் இரண்டுமே குறைவு. ஓர் ஆண்டுக்குள் சிவப்பு செங்கல் நிறமாகி, பிறகு தேநீர் நிறத்துக்கு இறங்கிவிடும். காபர்னேயில் வயது ஆற்றும் பெரிய வேலை துவர்ப்பை மென்மையாக்குவது. பன்னீரில் மென்மையாக்குவதற்குத் துவர்ப்பே அதிகம் இல்லை. புளிக்கு வயது ஏறினால் மதிப்பு, மல்லிகைக்கு அப்படி இல்லையே. பன்னீர் திராட்சை மல்லிகையின் கட்சி.

இனி வெப்பம். ஐரோப்பிய ஒயின் நூல்கள் "ஐந்து ஆண்டு வைக்கலாம்" என்று சொன்னால் அது 12, 13 டிகிரியில் ஐந்து ஆண்டு. சென்னையின் ஆண்டுச் சராசரி 28, 29 டிகிரி. வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்ற பொதுவிதியைப் பிடித்துக்கொண்டால், ராயபுரத்துப் பரணில் ஓர் ஆண்டு என்பது அங்கே மூன்று ஆண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ வெயில் வாங்கும் மொட்டை மாடியோ மேலே இருந்தால் இன்னும் மோசம். திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் கடல்காற்று உண்டு; பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் உள்நாட்டைவிடக் குறைவு. அது பாட்டிலுக்கு நல்லதுதான், ஏனென்றால் சூடாவதும் குளிர்வதுமாக இருந்தால் உள்ளே திரவம் விரிந்து சுருங்கி மூடி வழியே காற்றை இழுக்கும். ஆனால் மே மாத இரவில் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத அறையில் ஒயினுக்கு மூச்சு விட நேரமே கிடைக்காது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட நாக்கில் வைத்துப் பார்ப்பது மேல். ராயபுரத்தில் ஒரு வீட்டில் ஒரே ஜாடியில் வடித்த பன்னீர் ஒயினை, கருக்கிய சர்க்கரை சேர்க்காமல், மூன்று சிறு பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி வைத்தோம். ஒன்று ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒன்று படுக்கையறை இரும்பு பீரோவில் புடவைகளுக்கு அடியில், ஒன்று சமையலறைப் பரணில். அடுத்த கிறிஸ்துமஸ் வாரத்தில் மூன்றையும் ஒரே வகைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பார்த்தோம். ஃபிரிட்ஜில் இருந்தது இன்னும் சிவப்பு, விளிம்பில் மட்டும் லேசான ஆரஞ்சு. மூக்கருகே கொண்டுபோனதும் ரோஜா. ஆனால் வாயில் வைத்தபின் அது சட்டென்று மறைந்தது. பீரோ பாட்டில் பழுத்த செங்கல் நிறம். ரோஜாவைத் தேடினால்தான் கிடைத்தது. அதன் இடத்தில் உலர்திராட்சையும், பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோல ஒரு வாடையும். இது உயிரோடும் இல்லை, வேறாக மாறவும் இல்லை. மூன்றிலும் சோகமானது இதுதான். பரண் பாட்டில் முழுப் பழுப்பு. ரோஜா சுத்தமாக இல்லை. ஆனால் முகர்ந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் நிமிர்ந்தார்கள். வெல்லப்பாகு, அத்திப்பழம், அதற்கடியில் வறுத்த வெந்தயம். வீட்டுக்காரம்மா மட்டும், "இது ஒயினே இல்லப்பா, ஆனா நல்லாருக்கு" என்றார்.

வெந்தயம் என்று சொன்னது கற்பனை அல்ல. சோடோலோன் என்று ஒரு சேர்மம் இருக்கிறது. வெந்தயத்துக்கு அதன் தனி வாசனையைத் தருவதே அதுதான். இனிப்புள்ள ஒயின் காற்றோடும் வெப்பத்தோடும் நாள் கழிக்கும்போது அதே சேர்மம் உண்டாகிறது. மீதிச் சர்க்கரை வெப்பத்தில் பாகு வாசனை தரும் சேர்மங்களாக மாறுகிறது. உலகில் இந்த வாசனைகளுக்காகவே பெயர்பெற்ற ஒயின் ஒன்று உண்டு, அதன் பெயர் மதேரா. அந்த ஒயினுக்கும் நம் கடற்கரைக்கும் பழைய உறவும் உண்டு.

அட்லாண்டிக்கில் போர்ச்சுக்கலுக்குச் சொந்தமான மதேரா தீவு, இங்கிலாந்திலிருந்து கிழக்கே வரும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் தண்ணீரும் ஒயினும் ஏற்றிக்கொள்ளும் நிறுத்தம். 400 லிட்டருக்கு மேல் கொள்ளும் பீப்பாய்களில் ஏறிய ஒயின் கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் ஆடிக்கொண்டே பூமத்தியரேகையைக் கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மதராஸ் வந்து சேரும். வேறு ஒயினாக இருந்தால் வெந்து வீணாகியிருக்கும். மதேரா மேம்பட்டது. இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய பீப்பாய்க்கு ஐரோப்பாவில் கூடுதல் விலை கிடைத்தது. பயணம் போய்வந்த ஒயின் என்று அதற்குத் தனிப்பெயரே இருந்தது. ஜார்ஜ் கோட்டையின் விருந்துகளில் ஓடியதும் அந்த ஒயின்தான்.

அந்தப் பீப்பாய்களைக் கரை சேர்த்தது யார் என்பதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. 1870-களின் பிற்பாதியில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கும்வரை மதராஸில் கப்பல் கரையைத் தொட முடியாது. ஆழ்கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் மணலுக்கும் நடுவே அலை உடையும் இடத்தைத் தாண்ட, ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளால்தான் முடிந்தது. அந்தப் படகோட்டிச் சமூகத்தின் கத்தோலிக்கர்கள் எழுப்பிய கோயில்தான் ராயபுரத்து ராயப்பர் ஆலயம், ஆண்டு 1829. வடசென்னையில் ஒயினின் வரலாற்றை எழுதினால் அதில் முதல் பக்கம் குடித்தவர்களுக்கு அல்ல, தூக்கியவர்களுக்குத்தான்.

பிறகு கப்பல் பயணத்துக்குப் பதிலாக மதேராவிலேயே அந்தச் சூட்டை உண்டாக்கக் கற்றுக்கொண்டார்கள். மலிவான வகையைத் தொட்டிகளில் 45 முதல் 50 டிகிரி வரை குறைந்தது மூன்று மாதம் சூடாக வைக்கிறார்கள். உயர்ந்த வகையை வெயில் படும் மாடி அறைகளில் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் விடுகிறார்கள். இன்று அங்கே பெரும்பகுதி ஒயின் டின்டா நெக்ரா என்ற கறுப்புத் திராட்சையிலிருந்து வருகிறது. அதுவும் நம் பன்னீர்போலவே நீண்ட காலம் மதிக்கப்படாத பழம். பாட்டிலின் மேல் அதன் பெயரைப் போடவே 2015-இல்தான் வழி பிறந்தது. நம் பரண் பாட்டில் தற்செயலாக அந்த வழியில் சில அடி நடந்திருக்கிறது. மதேராவுக்கு இருப்பதும் நமக்கு இல்லாததும் இரண்டு. ஒன்று, அதில் சாராயம் சேர்த்து 17, 18 சதவீதத்துக்கு ஏற்றுவதால் கிருமி வளராது. இரண்டு, அதன் புளிப்பு அதிகம். இனிப்பு எவ்வளவு திரண்டாலும் புளிப்பு தாங்கிப் பிடிக்கும். வெப்பத்தில் பழுக்கும் கம்பம் பழத்தில் அந்த அளவுக்குப் புளிப்பு எதிர்பார்க்க முடியாது. அதனால் நம் பரண் ஒயின் ஒரு வாய்க்கு அருமை, அரை டம்ளருக்குத் திகட்டல்.

வயதாவது வேறு, கெடுவது வேறு. வீட்டு ஒயினைப் பற்றிய பேச்சில் பாதிக் குழப்பம் இவ்விரண்டையும் ஒன்றாகப் போடுவதில் வருகிறது. பழைய பிராந்தி பாட்டிலில் பாதியளவு மட்டும் ஊற்றி, தளர்ந்த மூடியைத் திருகி வைத்தால், உள்ளே இருக்கும் காற்றில் அசிட்டோபாக்டர் கிருமி ஆல்கஹாலை வினிகராக மாற்றும். 30 டிகிரி அதற்கு விருப்பமான வெப்பம். நொதித்தல் முழுமையாக அடங்குமுன் மூடினால் மீதிச் சர்க்கரையில் ஈஸ்ட் மறுபடி விழித்து, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கவும் செய்யும். இவை எதுவும் திராட்சையின் வயது அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத் தொகுப்பு, திருப்பலிக்கான ஒயின் திராட்சையிலிருந்து வந்த இயற்கையானதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பழையதா புதியதா என்று அது கேட்கவில்லை.

வாசகர்கள் அடிக்கடி சொல்லும் பயம் ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடலாம். திராட்சை நொதிக்கும்போது தோலின் பெக்டினிலிருந்து உண்டாகும் மெத்தனால் மிகச் சிறிது. வைப்பதால் அது பெருகுவதில்லை. தமிழ்நாட்டில் உயிர்களைக் குடித்த மெத்தனால் ஆலைப் பயன்பாட்டுக்கான இரசாயனம், யாரோ தெரிந்தே கலந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததும் அதுவே. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கறுப்புத் திராட்சை என்று சென்னையில் விற்பதில் இன்னொன்றும் உண்டு, பெங்களூர் ப்ளூ. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற இது அமெரிக்க வம்சத் திராட்சை. நிறம் பன்னீரைவிட அடர்த்தி, வாசனை திராட்சை ஜூஸ் பாக்கெட்டை நினைவூட்டும் கனமான வாடை. பன்னீரோடு கலந்து போடும் வீடுகள் உண்டு. நிறத்துக்கு அது உதவுகிறது; மணத்துக்குக் கெடுதல், ஏனென்றால் வயதாகும்போது ரோஜா முதலில் போய்விட, அந்தக் கனமான வாடை மட்டும் தங்கிவிடும். பன்னீரின் குணத்தை அறிய வேண்டுமென்றால் கலக்காமல் போடுவதே சரி.

அப்படியானால் என்ன செய்யலாம்? வடித்தபின் ஒருமுறை தெளிய விட்டு, கசடு கலங்காமல் மேல்பகுதியை மட்டும் சிறு பாட்டில்களுக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்பி, இறுக்கி மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால் ஈஸ்டரிலிருந்து ஆடி மாதம்வரை அதன் உச்சத்தில் குடிக்கலாம். குளிர்ந்தபடி ஊற்றி, டம்ளரில் கொஞ்சம் சூடேற விட்டால் ரோஜா எழும். ஒரு வருடத்துக்கு மேல் வைப்பதென்றால் அது ரோஜாவை விட்டுக்கொடுத்து வெந்தயத்தை வாங்கும் பேரம் என்று தெரிந்து வைக்க வேண்டும். அதற்கும் ஒரே ஒரு சிறு பாட்டில் போதும்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு சங்கடம் உறுத்துகிறது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது குற்றம். ஒரு சமூகத்தின் பண்டிகைப் பழக்கம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒதுங்கி வாழ்வதால், அதில் சேர்ந்த அறிவும் எழுத்தில் ஏறாமல் போகிறது. எந்த மாதத்துப் பழம், எத்தனை நாள் தோலோடு ஊறியது, எங்கே வைத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்த வீடுகள் அரிது. மகாராஷ்டிரம் 2001-இலும் கர்நாடகம் 2007-இலும் திராட்சை ஒயினுக்கென்று கொள்கை வகுத்தன; கேரளம் 2022-இல் பழ ஒயினுக்குச் சிறு ஆலைகளை அனுமதிக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. குறியீடு வாங்கிய கம்பம் பழத்துக்குச் சந்தை விலை விழும் மாதங்களில் வேறு வழி வேண்டும் என்று விவசாயிகள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரே அறுவடையின் பன்னீர் ஒயினை 13 டிகிரியிலும் 30 டிகிரியிலும் 45 டிகிரியிலும் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லினலூல் அளவையும் நிறத்தையும் அளந்து, ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ஜாடி கிண்டிய கைகளுக்குச் சொந்தமான சில நாக்குகளையும் அழைத்து உட்கார வைத்தால், இரண்டே ஆண்டில் இந்தப் பழத்தின் வயதுக்கணக்கு அச்சில் ஏறிவிடும்.